குளியலறைச் சுவரில் ஒரு சங்கிலி

யாரும் படிக்காத எழுத்தாளர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனால் அச்சடித்து, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தும் யாரும் படிக்காத எழுத்தாளர் நம் கையேட்டக்கா ஒருத்திதான். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், பிரஷர் குக்கர், காது மெஷின், குழந்தை வண்டி என்று அவள் கையேடு எழுதாத பொருள் இல்லை. வாங்கியவர்கள் முதல் வேலையாகப் பொருளை வெளியே எடுப்பார்கள், இரண்டாவது வேலையாகக் கையேட்டைப் பெட்டியோடு பரணில் போடுவார்கள். சொந்தக்காரர் வீடு ஒன்றில், ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் தன் எழுத்து மடித்துச் சொருகப்பட்டிருந்ததை அவளே கண்ணால் பார்த்தாள். "மேசை ஆடலையே, அந்த மட்டுக்கும் உபயோகம்தானே" என்று கணவர் தேற்றினார். வீடு வந்து சேரும்வரை அவள் அவரோடு பேசவில்லை.

அவள் எடுத்த எடுப்பில் எழுத்தாளராகிவிடவில்லை. அடுப்புக் கம்பெனி ஒன்றில் புகார் போன் எடுக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். "அடுப்பு எரியலைங்க" என்பார்கள். "சிலிண்டரைத் திறந்தீங்களா?" என்பாள். மறுமுனையில் அசடு வழிகிற ஒரு சிரிப்பு கேட்கும். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், இதையெல்லாம் ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் என்ன என்று மேலாளரிடம் கேட்டாள். அதுவரை கையேடு எழுதிவந்த இன்ஜினியரிடமிருந்து அந்த வேலையைப் பிடுங்கி அவர் இவளிடம் கொடுத்தார். வேலை பறிபோன இன்ஜினியர் இவளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார் என்றால், அது எப்பேர்ப்பட்ட வேலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியது சரிதானா என்று பார்க்க அவளுக்கு ஒரு மண்டு தேவைப்பட்டது. கல்யாணமான புதிது. வீட்டில் இருந்த ஒரே ஆள் கணவர். அவர் பல் செட் செய்கிற தொழிலாளி. டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு, ஊர்பேர் தெரியாதவர்களின் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி பற்களை இழைக்கிறவர். உலகம் முழுக்கத் தேடினாலும் இவ்வளவு பொறுமையுள்ள ஆள் கிடைக்க மாட்டார். குக்கர் கையேட்டில் "மூடியை வைத்துத் திருப்பவும்" என்று அவள் எழுதியிருந்தாள். அவர் மூடியைக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்து, அதைக் கவனமாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்ன பண்றீங்க?"

"நீதானே சொன்னே. எங்க வைக்கணும்னு எழுதலையே."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் இறங்கியதும், அவர் செய்ததுதான் சரி என்றும் தெரிந்தது. அன்றைக்கே அவருக்கு நிரந்தர வேலை போட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கையேட்டைச் சத்தமாகப் படிப்பாள். அவர் காதில் விழுந்ததை மட்டும் செய்ய வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது. "அறிவைக் கழட்டி வெச்சிட்டு வாங்க" என்பாள். அவர் தலையிலிருந்து எதையோ கழற்றுகிற மாதிரி பாவனை செய்து, அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்து நிற்பார். சம்பளமில்லாத அந்த வேலையை அவர் பல் செட் வேலையைவிட மதித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜுரத்தில் படுத்திருந்தபோதுகூட, தலையணையில் சாய்ந்தபடியே ஒரு டார்ச் லைட்டுக்கு பேட்டரி போட்டுக் காட்டினார்.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. மகன் வெளியூரில் படிக்கப் போனான். கையேட்டக்கா கம்பெனி மாறி மாறி, கடைசியில் சைக்கிள் கடை ஒன்றின் மாடியிலிருந்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கே மொத்தமே ஒரு கைப்பிடி ஆட்கள்தான். படம் வரைகிற சாஃப்ட்வேர் செய்கிறார்கள். சாதாரணப் படம் இல்லை, கட்டப்படம். கணக்கு நோட்டில் இருக்கிற கட்டங்களை ஒவ்வொன்றாக வண்ணம் அடித்து நிரப்பினால் ஒரு பூனையோ வீடோ வருமே, அந்த மாதிரி. அந்தக் கட்டத்துக்குத்தான் அவர்கள் பிக்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய வீடியோ கேம் பொம்மைகள் எல்லாம் இந்த ஜாதிதான்.

முதலாளிக்கு அவளைவிட வயது குறைவு, அவசரம் அதிகம். ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தார்.

"இனிமே நம்ம சாஃப்ட்வேர்ல மனுஷங்க மட்டும் வரையப் போறதில்ல. ஏஐ ஏஜென்ட்டும் வரையும். 'ஒரு வீடு வரை'ன்னு சொன்னா போதும், அதுவே வரைஞ்சிடும். அதுக்காக ஒரு கருவி செஞ்சிருக்கோம். கோடு, சதுரம், வட்டம், நீள்வட்டம், எல்லா வடிவமும் அந்த ஒரு கருவியில வரும். அக்கா, அதை எப்படிப் பயன்படுத்தணும்னு ஏஜென்ட்டுக்கு நீங்க எழுதித் தரணும்."

"மெஷினுக்கா? அதுக்கு எதுக்குங்க கையேடு?"

புரோகிராமர் கொட்டாவி விட்டபடியே விளக்கினான். அவனுக்கு அலுவலகத்தில் பெயரே கொட்டாவிதான். "அக்கா, அதுக்கு நம்ம கருவியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. மவுஸைப் பிடிக்கக் கையும் கிடையாது. இந்த மூலையிலேருந்து அந்த மூலை வரைக்கும், இந்த நிறத்துல, இவ்வளவு தடிமனா ஒரு சதுரம் போடுன்னு கருவிக்குச் சொல்லி அனுப்பும். எப்படிச் சொல்லி அனுப்பணும்னு நீங்க எழுதுறதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கும்."

"படிக்குமா?"

"படிக்கும்."

"முழுசா?"

"ஒரு சொல் விடாம. ஒவ்வொரு தடவை வரையறப்பவும் முதல்லேருந்து படிக்கும்."

அன்று மாலை கையேட்டக்கா வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள். "எனக்கு ஒரு வாசகர் கிடைச்சாச்சு" என்று கணவரிடம் சொன்னாள். "ஏஜென்ட்டாம்." அவர், "இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முதலில் அவள் எழுதியது நீண்டு நீண்டு போயிற்று. ஆரம்பத்தில் வணக்கம்கூடப் போட்டிருந்தாள். முதலாளி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "அக்கா, அதுக்கு மரியாதை எல்லாம் வேணாம். நீளமா இருந்தா குழம்பிடும். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை எடுத்துடுங்க." அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டினாள். வெட்டி வெட்டி இரண்டு பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். வடிவத்தின் பெயரைச் சொல்லவும். எதிரெதிர் மூலைகள் இரண்டைச் சொல்லவும். நிறத்தைச் சொல்லவும். கோட்டின் தடிமனைச் சொல்லவும். படித்தால் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கட்டப்படத்தைச் சோதிக்கக் கட்டத்துக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, கணவர்தான் குளியலறையைக் காட்டினார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை டைல்ஸ். துடைத்தால் அழிகிற மார்க்கரை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். போவதற்கு முன் மறக்காமல் அறிவை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். அவள் வாசலில் முக்காலி போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, கையேட்டின்படி ஒவ்வொரு கட்டளையாகப் படித்தாள். சதுரம், வட்டம், தடித்த கோட்டில் நீள்வட்டம். திரும்பிப் பார்த்தால், அவள் மனசில் எப்படி இருந்ததோ அப்படியே சுவரில் இருந்தது. ஒரு டைல்ஸ்கூடத் தப்பவில்லை. "பாஸ்" என்றாள். அவர் ஃபிரிட்ஜ் பக்கம் போய் அறிவை எடுத்து மாட்டிக்கொண்டு, குளிக்கப் போனார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அவளுடைய தங்கை தன் வாழ்க்கையில் ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். நிஜமாகவே, படாரென்று. மூக்குக்கண்ணாடிக் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவள், ஒருநாள் மேலாளர் என்னவோ சொல்ல, "உங்க கடைக்கு இனிமே கண்ணைக் கட்டிக்கிட்டுக்கூட வரமாட்டேன்" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வந்தவள் தன் வீட்டுப் பின்கட்டு அறையில் ஒரு கம்ப்யூட்டர் பின்னல் மெஷினை வாங்கிப் போட்டாள். கட்டப்படம் ஒன்றைக் கொடுத்தால், படத்தில் ஒரு கட்டத்துக்கு ஸ்வெட்டரில் ஒரு கண்ணி என்று அதுவாகவே பின்னித் தந்துவிடும். படம் வரைய மட்டும் தங்கைக்கு வராது. கையேடு படிக்கவும் வராது. அக்கா எழுதிய வாஷிங் மெஷின் கையேடு கையில் இருக்கும்போதே, எந்தப் பட்டனை அழுத்துவது என்று அக்காவுக்கே போன் போட்டவள் அவள்.

"உனக்காகவே பிறந்த சாஃப்ட்வேர் வந்திருக்குடி" என்று அக்கா சோதனைப் பதிப்பை அவளுக்குப் போட்டுக் கொடுத்தாள். "நீ படிக்க வேணாம். உனக்குப் பதிலா ஏஜென்ட் படிச்சிடும். நீ வாயால சொன்னா போதும்."

தங்கைக்கு முதல் ஆர்டர் ஒரு பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியிடமிருந்து வந்தது. மார்பைச் சுற்றி ஒரு சங்கிலி வர வேண்டும். வளையத்தோடு வளையம் தொட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் அறுபடாமல் ஒரு சுற்று. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவிலும் முதலில் மாதிரி காட்ட வேண்டும். மாதிரி பிடித்தால் இந்த அணி மட்டுமில்லை, பள்ளிக்கூடத்தின் எல்லா அணிக்கும் அவள்தான் பின்னுவாள். பிடிக்கவில்லை என்றால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டுகூட வரமாட்டேன் என்று சொன்ன அதே கடைக்கு, அதே மேலாளர் முன்னால், கண்ணைத் திறந்துகொண்டு போய் நிற்க வேண்டும். அதைவிடச் செருப்பால் அடி வாங்கலாம் என்று தங்கை சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் போன் செய்தபோது குரலே சரியில்லை.

"அக்கா, விளையாட்டு மாஸ்டர் மாதிரியைத் தூக்கிப் பார்த்துட்டு, 'என்னம்மா, சங்கிலி அறுந்து கிடக்கு'ன்னு கேட்டாருக்கா. பசங்க எல்லாம் சிரிச்சாங்க."

"அறுந்திருக்கா?"

"ஒரு வளையம்கூட இன்னொண்ணைத் தொடலை. நடுவுல நடுவுல சந்து. திங்கட்கிழமை காலைல சரியானதைக் கொண்டுவரலேன்னா வேற இடத்துல குடுத்துடுவாங்களாம். நீ குடுத்த சாஃப்ட்வேர்தானேக்கா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. அதனாலேயே கையேட்டக்கா அந்தப் போனை வைத்த கையோடு கொட்டாவிக்குப் போன் போட்டாள்.

சனிக்கிழமை விடுமுறை என்றும் பார்க்காமல் அலுவலகத்துக்குப் போனாள். கொட்டாவியையும் வீட்டிலிருந்து கிளப்பி வரவழைத்திருந்தாள். அவன் தங்கையின் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தான். வளையங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்ட மாதிரி தள்ளித் தள்ளி நின்றன.

"கருவி சரியாத்தான் வேலை செய்யுதுக்கா. ஏஜென்ட்தான் ஒவ்வொரு வளையத்தையும் சின்னதா போட்டிருக்கு."

"ஏன் அப்படிப் போட்டுச்சு?"

"அதையே கேளுங்க."

அவள் கேட்டாள். ஏஜென்ட் கொஞ்சமும் வெட்கப்படாமல் பதில் சொன்னது: கோட்டின் தடிமன் வடிவத்தின் வெளிப்பக்கமாக வளரும் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்து வளையத்தின் மேல் ஏறிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றையும் சற்றுச் சிறிதாக்கினேன். தடிமன் எந்தப் பக்கம் வளரும் என்று கையேட்டில் குறிப்பிடப்படவில்லை.

கையேட்டக்கா இரண்டு பக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். இல்லை. காம்பவுண்டு சுவர் கட்டுகிறவனிடம் எல்லைக்கல்லைக் காட்டிவிட்டு, சுவர் கல்லுக்கு உள்ளே வருமா வெளியே வருமா என்று சொல்லாமல் விட்ட கதைதான். பக்கத்து வீட்டுக்காரனோடு கோர்ட்டுக்குப் போவதெல்லாம் இதனால்தானே. அவர்களுடைய கருவியில் தடிமன் எப்போதும் உள்பக்கமாகத்தான் வளரும். அவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி தெரியும். தெரிந்ததால்தான் எழுதவில்லை.

"தடிமன் உள்பக்கமாக வளரும்" என்று ஒரு வரி சேர்த்தாள். மறுபடி வரையச் சொன்னார்கள். சின்ன அளவில் வளையங்கள் அழகாகத் தொட்டுக்கொண்டன. அவள் பெருமூச்சு விடுவதற்குள் பெரிய அளவு வந்தது. அதில் கடைசி வளையம் பாதியோடு படத்தின் விளிம்பைத் தாண்ட வேண்டும், மீதிப் பாதி முதுகுப் பக்கத்தில் தொடரும். ஏஜென்ட்டோ முழு வளையத்தையும் உள்ளே இழுத்து, முந்தின வளையத்தின் மேல் ஏற்றி உட்கார வைத்திருந்தது. வடிவம் விளிம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்றும் அவள் எழுதியிருக்கவில்லை.

"இந்த ஒண்ணை வேணா நான் கையால திருத்தித் தர்றேன்கா" என்றான் கொட்டாவி. நல்ல பையன்தான்.

"இந்த ஒண்ணைத் திருத்துவே. மத்த அணிக்கு எல்லாம்? நாளைக்கு வேற ஒருத்தி வந்து பூ கேட்பா, அவளுக்கு யார் திருத்துறது? இன்னும் எத்தனை ஓட்டை இருக்குன்னே தெரியலையேடா."

அவளை உறுத்தியது வேறொன்று. இவ்வளவு ஓட்டையுள்ள கையேடு குளியலறைச் சுவரில் எப்படி பாஸ் ஆயிற்று?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். கணவர் ஜன்னலோரமாக உட்கார்ந்து, யாருடைய கடைவாய்ப் பல்லையோ வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அன்னிக்கு நீள்வட்டத்துக்குத் தடிமனை உள்பக்கமா போட்டீங்களே, ஏன்?"

"உள்பக்கம்தானே போடணும்?"

"போடணும்தான். ஆனா நான் அப்படிப் படிக்கவே இல்லையே! எங்கேயும் எழுதலையே!"

அவர் பல்லை மெதுவாகத் துணியின் மேல் வைத்தார். "நீ எதையாவது கோட்டுக்கு வெளியே விட்டிருக்கியா, சொல்லு? ஷெல்ஃப்ல ஒரு டப்பா விளிம்புக்கு வெளியே துருத்தினா உனக்குச் சோறு இறங்காது. துணி காயப்போட்டாக்கூடக் கொடியோட ரெண்டு முனையிலயும் இடம் விட்டு உள்ளாரத்தான் போடுவே. அதான், நீ உள்பக்கம்தான் சொல்லுவேன்னு போட்டேன்."

"அறிவைக் கழட்டி வெச்சிட்டு வாங்கன்னு சொன்னேன்ல?"

"வெச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார் அவர் பாவமாக. "அறிவு அங்கதான் இருந்துச்சு. நீ என்ன நினைக்கிறேங்கிறது மட்டும் வர மாட்டேங்குது, கழட்ட."

அவளுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. வரக் கூடாத சந்தேகம். "வேற எதுல எல்லாம் இப்படிப் பண்ணீங்க?"

அவர் வாயைத் திறக்கவே பயந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தண்ணீர் மோட்டாருக்கு முதலில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று அவள் எழுதவில்லை, அவர் பார்த்துக்கொண்டார். காது மெஷினை எந்தக் காதில் என்று எழுதவில்லை, அவர் சரியான காதில் வைத்துக்கொண்டார். குழந்தை வண்டியை மடக்குவதற்கு முன் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும் என்று...

"ஐயோ!" என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது எல்லாருக்கும் தெரியும்மா" என்றார் அவர் அவசரமாக.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அழுகை, தான் இத்தனை வருஷமாக ஓட்டைக் கையேடுகளை ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறோமே என்று. சிரிப்பு, அவற்றை ஒருத்தரும் படிக்காமல் விட்டார்களே, அதுவே பெரிய புண்ணியம் என்று. இரண்டும் அடங்கியபோது, முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"நான் மண்டு வேலைக்கு லாயக்கில்லதான். அந்த ஏஜென்ட்டையே வெச்சுக்கோ. அதுக்குத்தான் உன்னைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

அவர் சொன்னது அவள் தலைக்குள் போய் விளக்கைப் போட்டது. ஏஜென்ட் அவள் எழுதியதைச் செய்கிறது. இவர் அவள் நினைத்ததைச் செய்கிறார். இருவரையும் ஒரே நேரத்தில் வரையச் சொன்னால், எங்கே படம் வேறுபடுகிறதோ, அங்கேதான் எழுதாமல் விட்ட வரி இருக்கிறது.

"நாளைக்குக் காலைல மார்க்கரோட வாங்க" என்றாள். "அறிவைக் கழட்டவே வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை குளியலறை வாசல் கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. தங்கை வந்துவிட்டாள். கொட்டாவி வந்துவிட்டான், அதுவும் கொட்டாவி விடாமல். முக்காலியில் லேப்டாப். உள்ளே சுவரைப் பார்த்தபடி கணவர். அவள் ஒவ்வொரு கட்டளையையும் அவருக்குச் சத்தமாகப் படித்தாள், அதே கட்டளையைத் தங்கை ஏஜென்ட்டுக்குத் தட்டினாள். பிறகு கொட்டாவி திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துத் தீர்ப்பு சொன்னான்.

"வேற வேற!"

அவர் வட்டத்தை வெறும் வளையமாக விட்டிருந்தார், ஏஜென்ட் உள்ளே நிறம் நிரப்பியிருந்தது. நிரப்பச் சொன்னால் மட்டும் நிரப்பவும் என்று ஒரு வரி ஏறியது. அவர் விளிம்புக்கு வந்ததும் மீதியை வரையாமலே விட்டுவிட்டார், ஏஜென்ட் முழு வடிவத்தையும் உள்ளே இழுத்தது. விளிம்பைத் தாண்டுவதை வெட்டிவிடவும் என்று அதற்கொரு வரி. சிவப்பு வளையத்தின் மேல் நீல வளையம் வரும்போது அவர் யோசிக்காமல் மேலேயே போட்டார், ஏஜென்ட் பழைய சிவப்பைக் காப்பாற்றுகிறேன் என்று நீலத்தை வெட்டி வைத்தது. பின்னால் வருவது முன்னால் இருப்பதை மறைக்கும் என்று இன்னொரு வரி. நடுவில் தங்கை, "மாமா, நீங்க எப்படித்தான் அக்கா சொல்லாததை எல்லாம் கேட்கிறீங்க? நான் சொன்னதையே என் வீட்டுக்காரர் கேட்க மாட்டேங்கிறாரு" என்றாள். மாமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஒரு கட்டத்தில் கொட்டாவி, "ஒரே மாதிரி" என்றான். அடுத்ததும் ஒரே மாதிரி. அதற்கு அடுத்ததும். கடைசியாகச் சங்கிலி. மூன்று அளவிலும் ஏஜென்ட் வரைந்தது. சுவரில் மாமா வரைந்த சங்கிலியும், திரையில் அது வரைந்த சங்கிலியும் வளையத்துக்கு வளையம் ஒத்துப்போயின. தங்கை லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள். அன்று பொழுது சாய்வதற்குள் பின்கட்டில் மெஷின் மூன்று ஸ்வெட்டரையும் பின்னித் தள்ளியது.

திங்கட்கிழமை காலையில் கையேட்டக்காவுக்கு வேலை ஓடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி வந்து, கையேடு ஏன் மறுபடி நீண்டு மூன்று பக்கமாகிவிட்டது என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், அது படிக்கும்" என்று மட்டும் சொன்னாள். கடைசியில் தங்கையின் போன் வந்தது. எடுத்ததும் காது கிழிந்தது.

"அக்கா! மாஸ்டர் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்து, சுத்திச் சுத்தி விரலால தடவிப் பார்த்தாரு. எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியலையேம்மான்னாரு. எல்லா அணிக்கும் நானேதானாம்! கண்ணாடிக் கடைப் பக்கம் இனிமே கண்ணு போனாக்கூடப் போக மாட்டேன்!"

கையேட்டக்கா போனை வைத்துவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொட்டாவி பார்த்துவிட்டான். ஆனால் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கணவர் குளியலறைக்குள் இருந்தார். ஈரத்துணியை வைத்துக்கொண்டு சுவரை வளையம் வளையமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதிச் சங்கிலி போயிருந்தது. அவள் தங்கையின் செய்தியைச் சொன்னாள். அவருக்கு முகமெல்லாம் பல். ஆனாலும் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ எல்லா வரியையும் எழுதியாச்சு" என்றார். "ரெண்டு படமும் ஒண்ணாயிடுச்சு. இனிமே ஞாயித்துக்கிழமை நான் தேவையில்ல, இல்லையா?"

விளையாட்டாகச் சொல்ல நினைத்துத்தான் சொன்னார். குரல்தான் ஒத்துழைக்கவில்லை.

இத்தனை வருஷமாக, தன்னை யாரும் படிப்பதில்லை என்று அவள் வருத்தப்படாத நாளில்லை. அந்த வருத்தத்தை அவள் கொட்டியதெல்லாம் இவரிடம்தான். இவரும் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இப்போது நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. உள்ளே போய் அவர் கையிலிருந்த துணியை வாங்கினாள்.

"நான் எழுதினது சதுரத்தையும் வட்டத்தையும்தாங்க" என்றாள். "மத்ததை எல்லாம் நான் எங்கேயுமே எழுதி வைக்கல. அதை நீங்க ஒருத்தர்தான் படிச்சு வெச்சிருக்கீங்க."

அவர் மார்க்கர் மூடியைத் திறந்து திறந்து மூடினார். அவள் அவருக்குப் பக்கத்தில் நின்று, மீதியிருந்த வளையங்களைத் துடைக்காமல் விட்டுவிட்டு, துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.